பின்னாடி கேக்குதா?

என் கணவரின் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிப்பதற்குள் எனக்கு மனம் இளகி, ‘பாவம், அவரும் மனுஷன்தானே’ என்று மூக்கைச் சிந்துவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து கறுவிக்கொண்டிருந்தேன். இப்போது வயிறு கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் நான் அவரை மூத்தவர் என்றுதான் சொல்வேன். டைல்ஸ் கடையில் மேனேஜர். குளியலறைக்கு மட்டும் டைல்ஸ் கேட்டு வந்த ஆளை வீடு முழுக்கப் பதிக்க வைத்து அனுப்பும் வாய். கடையைச் சாத்தினாலும் அந்த வாயைச் சாத்த முடியாது. குடும்பத்தில் நாலு பேர் கூடிவிட்டால் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொள்வார். “பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குதா?” என்று ஒரு குரல் கொடுப்பார். பிறகு வரிசையாக டியூப்லைட் கதைகள் வரும். டியூப்லைட் என்றால் அவருடைய தம்பி. அதாவது என் வீட்டுக்காரர்.

விருந்தாளிகளின் செருப்புகளை டியூப்லைட் அடுக்கிய கதை. அப்பா ‘இங்கயே நில்லு’ என்றதால் டியூப்லைட் மழையில் நின்ற கதை. எல்லாவற்றுக்கும் மகுடமாக, டியூப்லைட் அலமாரிக்குள் மாட்டிக்கொண்ட கதை. கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தாலும் புதிதாகக் கேட்பதுபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இவரும் ஓரமாக உட்கார்ந்து ஒரு விநாடி தாமதமாகச் சிரிப்பார். அதற்கும் ஒரு சிரிப்பு எழும்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் முதலில் சந்தித்ததே லிஃப்டில்தான். நான் உள்ளே, இவர் வெளியே. கூரியர் கம்பெனி கவுண்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பார்சல் மூட்டையோடு ஏறினேன். இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, விளக்கும் அணைந்துவிட்டது. இருக்கிற பட்டனையெல்லாம் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்துவிட்டு, மூக்கு ஒழுக அழுதுகொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் வெளியிலிருந்து பயப்படாதீங்க என்று கத்திவிட்டு எங்கேயோ போய்விட்டார். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. ஏற்ற இறக்கமே இல்லாத குரல்.

“நீங்க தப்பா எதையும் அமுக்கல. கோளாறு வெளியில இருக்கு. இப்ப நான் மேல போய் கரண்ட்டை ஆஃப் பண்ணுவேன். டக்குன்னு ஒரு சத்தம் வரும். அது நான்தான். அப்புறம் பிரேக்கை விட்டுட்டு சக்கரத்தைக் கையால சுத்துவேன். லிஃப்ட் மெதுவா நகரும். அதுவும் நான்தான்.”

சொன்ன வரிசையில் சொன்ன சத்தங்கள் வந்தன. கதவு திறந்தபோது இவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கதவு ஓடும் வாசற்படிப் பள்ளத்தில் சிக்கியிருந்த, யாரோ உதிர்த்த சட்டைப் பொத்தானை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கட்டினால் இந்த ஆளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன். மாட்டிக்கொண்ட எல்லோரிடமும் இவர் முதலில் சொல்வது ‘நீங்க தப்பா எதையும் அமுக்கல’ என்ற அதே வாக்கியத்தைத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். கதவைத் திறக்கத் துப்பில்லாமல் கதை பேசுகிறார் என்பார்கள். நான் ஒருமுறை ஏன் என்று கேட்டேன். தப்பு தங்களுடையது என்றுதான் உள்ளே இருப்பவர்கள் முதலில் நினைப்பார்கள் என்றார்.

இவரோடு குடித்தனம் நடத்துவது லேசு என்று நான் சொல்ல மாட்டேன். இந்தப் புதுச் சுடிதார் எப்படி இருக்கிறது என்று கேட்டால், போன வாரம் போட்டது நன்றாக இருந்தது என்பார். சட்டை வாங்கினால் கழுத்து லேபிளை வெட்டிவிட்டுத்தான் போடுவார். சாப்பிடும்போது ம்ம்ம்ம் என்று ஒரே சுருதியில் முனகுவார். விருந்துக்குப் போய்வந்தால் மறுநாள் முழுக்க யாரோ அடித்துப் போட்டதுபோல ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார். நான் சண்டை போட்டிருக்கிறேன், தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு நாளும் டியூப்லைட் என்று சொன்னதில்லை.

எங்கள் மகளுக்கு அப்பாவின் காது, அப்பாவின் முனகல். போன வருடம் ஒரு பிறந்தநாள் கூட்டத்தில் யாரோ பலூனை உடைக்க, அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். மூத்தவர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். குட்டி டியூப்லைட் என்று அறிவித்தார். கூடம் அதிர்ந்தது. என் ஓரகத்தி, அதாவது மூத்தவரின் மனைவி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள், புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். குழந்தையும் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தது. வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

“அப்பா, நானும் டியூப்லைட்டா?”

இவர் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, தனக்கு என்ன என்று ஒரு டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றார். தெரிந்தால் பிள்ளைக்குப் பதில் சொல்லலாம் என்றார். இவராக எதையாவது கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊரில் இருக்கும் மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் நான் போன் போட்டேன். சத்தம் தாங்காது, முனகல் என்று ஆரம்பித்தவுடனே குழந்தைக்கு என்ன வயசு என்பார்கள். நாற்பதைத் தாண்டிவிட்டது என்பேன். உடனே போனை வைத்துவிடுவார்கள். ஒரு பெண் மட்டும், இங்கே குழந்தைகளை மட்டும்தான் பார்க்கிறோம், ஆன்லைனில் பெரியவர்களைப் பார்க்கும் ஒருவர் இருக்கிறார் என்று எண்ணைக் கொடுத்தாள். அவள் நல்லா இருக்கட்டும்.

அப்படி வந்தவர்தான் நாங்கள் மேடம் என்று கூப்பிடும் மனநல டாக்டர். வேறு ஊர், நேரில் பார்த்ததே கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் நான் மகளைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். இவர் படுக்கையறையில் போனை அலாரம் கடிகாரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். முதல் நாள் கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்து, மேடத்துக்கு மின்விசிறியைத்தான் காட்டியிருக்கிறார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேமராவை அணைத்தே வைத்துக்கொள்ளலாம், பேச வராவிட்டால் டைப் அடிக்கலாம் என்றாராம். இவர் பாதி டைப், பாதி பேச்சு என்று சமாளித்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“மூஞ்சியப் பாத்துப் பேசுன்னு அவங்க சொல்லவே இல்ல,” என்றார். அந்த வாரம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு திரிந்தார்.

நன்றாகத்தான் போனது. ஒரு சனிக்கிழமை மாடியிலிருந்து இறங்கி வந்தால், இவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது ஆட்டிசமா என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், சின்ன வயதில் இவர் எப்படி இருந்தார் என்று கூட இருந்து பார்த்த ஒருவரிடம் மேடம் பேச வேண்டுமாம். பெரியவர்களுக்குப் பார்க்கும்போது அதுதான் முறையாம். என் மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

இவருக்கு இருந்த பயம் ஒன்றுதான். அண்ணன் வந்து, அவன் நல்லாத்தான் இருந்தான், சோம்பேறி, மந்தம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால்? மேடத்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிள்ளைக்குச் சொல்லப் பதிலும் இருக்காது.

“அப்படி ஆச்சுன்னா இதோட விட்டுடுவேன்,” என்றார். “டியூப்லைட்னே இருக்கட்டும்.”

ஒரு மனிதனை ஆயுசு முழுக்க மட்டம் தட்டிவிட்டு, கடைசியில் அவன் யார் என்று சொல்லும் உரிமையும் மூத்தவர் கையிலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. நான் விடுவதாக இல்லை. அந்த வாயை எனக்குத் தெரியும். அதை எப்படித் திறக்க வேண்டும் என்றும் தெரியும். டாக்டர், பரிசோதனை என்று ஆரம்பித்தால், நம்ம குடும்பத்தில் அப்படியெல்லாம் கிடையாது என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். மேடை போட்டுக் கொடுத்தால் மட்டும் இறங்கவே மாட்டார்.

மறுநாளே டைல்ஸ் கடைக்குப் போனேன். வாடிக்கையாளருக்கு வைத்திருக்கும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இவர் ஒரு மேடத்திடம் ஆன்லைனில் பேசிக்கொண்டிருக்கிறார், அவர் இவருடைய சின்ன வயதுக் கதைகளைக் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை, உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் மாமா என்றேன். என் வாழ்நாளில் குரலில் அவ்வளவு சர்க்கரை போட்டதில்லை.

“அலமாரிக் கதையைச் சொல்லலாமாம்மா?” என்றார்.

“அதை முக்கியமா சொல்லணும் மாமா,” என்றேன்.

சனிக்கிழமை அயர்ன் செய்த சட்டையும் வாசனையுமாக வந்தார். சாப்பாட்டு மேஜையில் போனை நிறுத்தி வைத்தேன். இவர் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், கேமராவில் படாத இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றேன். இதை ரெக்கார்ட் செய்யலாமா என்று முன்பே கேட்டு, கூடவே கூடாது என்று மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் கண்ணாலும் காதாலும் மட்டும்தான் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

மேடம் எதையும் மறைக்கவில்லை. இது எதற்காக, நீங்கள் சொல்வது எங்கே போய்ச் சேரும், பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். தம்பி கூடவே இருக்கலாமா என்றும் கேட்டார். அவனுக்குத் தெரியாத கதையா மேடம், இருக்கட்டும் என்றார் மூத்தவர். பழக்க தோஷத்தில் பிரிட்ஜ் பக்கம் திரும்பி, பின்னாடி கேக்குதாடா என்றார். கேக்குது என்றார் இவர்.

முதலில் செருப்புக் கதை. வீடு நிறைய விருந்தாளிகள், டியூப்லைட் வாசலுக்குப் போய் இடது கால் செருப்பெல்லாம் ஒரு வரிசை, வலது கால் செருப்பெல்லாம் ஒரு வரிசை என்று அடுக்கிவிட்டான், கிளம்பும்போது பெரிய மனிதர்கள் எல்லாம் ஒற்றைக் காலில் தத்தினார்கள். இந்த இடத்தில் கூட்டம் கைதட்டும். மேடம் சிரிக்கவில்லை. அப்போது அவருக்கு என்ன வயது என்று கேட்டார். அஞ்சுகூட ஆகலை என்றார் மூத்தவர். அடுக்கியதை யாராவது கலைத்தால் என்ன செய்வார் என்று கேட்டார்.

“அதுதானே மேடம் காமெடி. காதைப் பொத்திக்கிட்டுத் தரையில உருளுவான். நாங்க வேணும்னே கலைச்சு விடுவோம்.”

“வேணும்னே,” என்றார் மேடம். கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது.

சிரிப்பு வராவிட்டால் அந்த ஆளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், குரலை உயர்த்துவார். மழைக் கதையை உயர்த்திச் சொன்னார். வேறு யாராவது போய் அவரைக் கூட்டி வந்தீர்களா என்று மேடம் கேட்டார். இல்லை, ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம் என்றார். முனகல் கதையை இன்னும் உயர்த்திச் சொன்னார். முனகும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வாயில் துணியை அடைப்போம், விளையாட்டுக்குத்தான் என்றார். ஒவ்வொரு கதையும் அவர் வாயிலிருந்து சிரிப்பாகக் கிளம்பி, அந்தப் பக்கம் போய்ச் சாட்சியாக இறங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. டீயை வடிகட்டுவதுபோலத் திரும்பி நின்றுகொண்டேன். முகத்தைக் காட்டினால் காரியம் கெட்டுவிடும்.

கடைசியாக அலமாரி. வீட்டில் யாரோ முக்கியமானவர்கள் வந்திருந்த நாள். டியூப்லைட்டைக் காணோம். தெரு முழுக்கத் தேடல், கிணறு எட்டிப் பார்த்தல், மாமியார் ஒப்பாரி. பொழுது சாயும் நேரத்தில் பின் அறைத் துணி அலமாரியில் முனகல் கேட்டுத் திறந்தால், பயல் காலோடு நனைத்துக்கொண்டு நிற்கிறான். இந்த இடத்தில் மூத்தவர் எப்போதும் ஒரு இடைவெளி விடுவார். விட்டார்.

“கதவைத் தள்ளினா திறக்கும்னுகூடத் தெரியல மேடம் அதுக்கு.”

மேடம் கீபோர்டில் தட்டுவதை நிறுத்தினார். பிறகு அதே குரலில் கேட்டார்.

“அந்த அலமாரிக் கதவை எப்படி மூடுவீங்க?”

“கொக்கி மேடம். பழைய மர அலமாரி.”

“கொக்கி உள்பக்கமா, வெளிப்பக்கமா?”

“வெளியத்தான்.”

“நீங்க திறக்கும்போது கொக்கி போட்டிருந்ததா?”

மூத்தவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“யார் போட்டாங்க?” என்றார் மேடம்.

சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்றார். வந்தவர்கள் முன்னால் முனகி மானத்தை வாங்குவான் என்றுதான் என்றார். கொஞ்ச நேரத்தில் திறந்துவிடலாம் என்றிருந்தேன், மறந்துபோச்சு என்றார். அப்போது தனக்கே பள்ளிக்கூட வயதுதான் என்றார். எல்லாவற்றையும் போனைப் பார்த்துச் சொன்னார். பிரிட்ஜ் பக்கம் திரும்பவே இல்லை.

“நான் தள்ளினேன்,” என்றார் இவர்.

ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

“தள்ளினேன். திறக்கல. அப்புறம் இழுத்துப் பாத்தேன். எந்தப் பக்கம்னு எனக்குத்தான் தெரியலன்னு நினைச்சேன். இத்தனை வருஷமா அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்.”

சட்டென்று எனக்கு உறைத்தது. லிஃப்ட் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத ஒவ்வொருவரிடமும் இவர் சொல்லும் வாக்கியத்தை இவரிடம் யாரும் சொன்னதே இல்லை. கையில் கொதிக்கக் கொதிக்க டீ இருந்தது. அந்த அயர்ன் சட்டையில் ஊற்றாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது விருது கொடுக்க வேண்டும். மூத்தவர் டீ குடிக்காமலே கிளம்பினார். செருப்பை மாட்டும்போது கால் மாறி மாட்டிக்கொண்டு தடுமாறியதை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

சில வாரங்கள் கழித்து மேடம் முடிவைச் சொன்னார். ஆட்டிசம்தான். சந்தேகமே இல்லாமல் சொல்ல முடிந்ததற்கு முக்கியக் காரணம் அண்ணன் சொன்ன விவரங்கள் என்றார். எனக்குக் காது குளிர்ந்தது. அவர் வாயாலேயே, அவர் ஜோக்குகளாலேயே. இதை வைத்து அந்த ஆளை நாலு பேர் முன்னால் நாறடிக்க வேண்டும் என்று நான் குறுக்கே புகுந்து சொன்னேன். இது பழிவாங்குவதற்கான இடம் இல்லை என்றார் மேடம்.

“சரி மேடம், வெளிய வச்சு வாங்கிக்கிறோம்,” என்றேன். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இவர் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆட்டிசம் என்றால் என்ன என்று தனக்குத் தெரிந்த மட்டில் சொன்னார். நானும் அப்படியா என்று கேட்டாள். இருக்கலாம், பார்க்கலாம் என்றார். அப்போ டியூப்லைட் இல்லையா என்றாள். இல்லை, அது பெரியப்பா வைத்த பேர், நமக்கு வேண்டாம் என்றார். ஆனால் அந்தப் பெரியப்பாவுக்கு அதை யார் சொல்வது?

மூத்தவரின் மகனுக்கு நல்ல வேலை கிடைத்தது. வீட்டில் விருந்து வைத்தார்கள். நாங்களும் போனோம். மூத்தவர் ஆரம்பத்தில் எங்கள் பக்கமே வரவில்லை. சாப்பாடு முடிந்ததும் நாலு பேர் உசுப்பேற்றினார்கள், ஏதாவது எடுத்து விடுங்க என்று. பழகிய வாய் எத்தனை நேரம் சும்மா இருக்கும்? நாற்காலி நடுவுக்கு வந்தது. அலமாரியைத் தொடவில்லை, உஷாரானவர். சுற்றிலும் பார்த்தார். என் மகள் சத்தம் தாங்காமல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேஜையில் கரண்டிகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குதா? அங்க பாருங்க, குட்டி டியூப்லைட் ரெடியாகுது.”

சிரித்தார்கள். நான் எழுந்தேவிட்டேன். வாயில் நான் சேர்த்து வைத்திருந்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். நேராக மகளிடம் போய்க் குனிந்து, ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினார்.

“இப்ப அப்பா ஒண்ணு கேக்கப் போறேன். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டாங்க. அது என்னாலதான். பயப்படாத.”

பிறகு நிமிர்ந்தார்.

“அண்ணா, அலமாரிக் கதை சொல்லுங்க. கொக்கி யார் போட்டாங்கன்னும் சேத்துச் சொல்லுங்க.”

இவர் சொன்னபடியே ஆனது. யாரும் பேசவில்லை. மூத்தவர் தனியாக ஒரு சிரிப்பு சிரித்துப் பார்த்தார். துணைக்கு யாரும் வரவில்லை. டேய், நல்ல நாள் அதுவுமா என்று ஆரம்பித்தார். இவர் நின்றுகொண்டே இருந்தார். மூடிய கதவுக்கு முன்னால் காத்திருப்பது இவருக்குத் தினசரி வேலை.

“எந்தக் கொக்கிப்பா?” என்று கேட்டான் அவருடைய மகன்.

ஓரகத்தி தட்டுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அத்தனை கண்களும் அந்த நடு நாற்காலியில்தான் இருந்தன. அந்த இடத்தை அவரேதான் தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டார். மூத்தவர் தரையைப் பார்த்தார்.

“நான்தான் போட்டேன்,” என்றார்.

இவர் கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் ஒருமுறை பார்த்தார். இவருக்குக் கிண்டல் செய்யத் தெரியாது. நிஜமாகவே அங்கே எட்டியிருக்காது என்றுதான் தோன்றியிருக்கிறது.

“பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க.”

மூத்தவர் இன்னொரு தடவை சொன்னார்.